வெட்டாமல் வந்த மோட்டார் புத்தகம்

அன்று நூலகத் தேர்வுக்குழு அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைவர். ஓய்வுபெற்ற தாசில்தார். மேஜையின் தலைமாட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே.

பேராசிரியர். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மதிப்புரை எழுதுபவரும் அவர்தான். தலைவருக்கு வலப்பக்கம்.

ரோஸ்லின் மிஸ். பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. ஜன்னல் ஓரம்.

மரவாடிக்காரர் ஒருவர். கூட்டம் முடியும்வரை வாய் திறக்கமாட்டார். போண்டா வந்தால் திறப்பார்.

தேவசகாயம் சார். நூலகர். கதவுக்குப் பக்கத்தில், கோப்புகளோடு.

நான். ஏழுமலை. அட்டெண்டர். நின்றுகொண்டு.

புத்தகத்தை எழுதியவர் அங்கே இல்லை. எழுதியவரை அந்த அறைக்குள் விடும் வழக்கமே கிடையாது.

இதை எழுதச் சொன்னது இப்போது அந்த நூலகத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள். புத்தகம் வாங்கக் கம்ப்யூட்டரில் நட்சத்திரம் பார்க்கிறார்களாம். நாலு நட்சத்திரத்துக்குக் குறைந்தால் யோசிப்பார்களாம். யார் போட்ட நட்சத்திரம் என்று கேட்டேன். தெரியாதாம். "உங்க காலத்துல எப்படி சார்?" என்று கேட்டார்கள். எங்கள் காலத்தில் நட்சத்திரம் இல்லை. நீலப் பென்சில் இருந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். அறுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரம் கிளையில் சேர்ந்தேன். முதல் வருஷம் பெருக்கினேன், தண்ணீர் பிடித்துவைத்தேன். இரண்டாம் வருஷம் அடுக்கு எண் படிக்கவும் கிழிந்ததை ஒட்டவும் கற்றேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

புத்தகம் வாங்கிய முறையைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வரும். மதிப்புரைப் பகுதியை பிளேடால் நறுக்குவேன். மைதா பசை காய்ச்சி, தடித்த அட்டையில் ஒட்டுவேன். கீழே பத்திரிகையின் பெயரும் தேதியும். தேவசகாயம் சார் அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து பசை காய்ந்ததா என்று பார்ப்பார். பிறகு மதிப்புரையின் கடைசி வாக்கியத்தை மட்டும் படிப்பார். பாராட்டு என்றால் நீலப் பென்சிலில் ஒரு கீற்று. கண்டனம் என்றால் சிவப்பு. இரண்டும் இல்லாவிட்டால் ஒரு வட்டம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்வுக்குழு கூடும். சார் அட்டையை எடுத்து, புத்தகத்தின் பெயரைச் சொல்லி, கடைசி வாக்கியத்தை வாசிப்பார். நீலம் என்றால் தலைவர் தலையாட்டுவார். சிவப்பு என்றால் கையை அசைப்பார். வட்டம் என்றால் பேராசிரியரைப் பார்ப்பார். ஒரு காபி ஆறுவதற்குள் அறுபது புத்தகம் முடிந்துவிடும். எங்கள் குழு எடுத்த முடிவுதான் சுற்றியிருந்த பதினாலு கிளைக்கும். பல்லாவரத்துக்காரன் என்ன படிக்கலாம், சிங்கப்பெருமாள் கோவில்காரன் என்ன படிக்கக்கூடாது என்பதெல்லாம் அந்த மேஜையில் முடிவானது. புத்தகம் மட்டும் மேஜைமேல் இருக்காது. அட்டைதான் இருக்கும்.

"ஒவ்வொரு இல்லத்திலும் இருக்கவேண்டிய நூல்" என்று முடிகிற மதிப்புரைகளை நான் எத்தனை ஒட்டியிருப்பேன் என்று சொல்ல முடியாது. எந்த இல்லத்திலும் அந்தப் புத்தகங்கள் இல்லை. அதனால் நாங்கள் வாங்கினோம். பதினாலு பிரதி. அவற்றின் பின்னட்டையில் தேதிச் சீட்டு ஒட்டுவது என் வேலை. ஒட்டிய சீட்டு ஒட்டியபடியே இருக்கும், முத்திரை விழாமல்.

வாசகர்கள் வேண்டிய புத்தகத்தை எழுதிவைக்க வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் கட்டித் தொங்கியது. வருஷம் முடிந்தால் பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டுவேன். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

தேவசகாயம் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளைச் சட்டை, முழங்கைக்கு மேல் இரண்டு மடிப்பு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு வார்த்தை, மிஞ்சினால் இரண்டு. "ஒட்டினியா?" "காஞ்சுதா?" "வை." ஞாயிறு காலை சர்ச்சில் பாடுவார் என்று சொல்வார்கள். நம்பத்தான் முடியவில்லை. கோப்பில் ஒரு தாள் மாறியிருந்தால் அன்று மதியம் சாப்பிடமாட்டார். நல்லவரா என்று கேட்டால் தெரியாது. சரியாக இருப்பார்.

இனி பேராசிரியர். பத்திரிகைக்கு வரும் எல்லாப் புத்தகமும் அவருக்கே போகும். கவிதை, சமையல், ஜோதிடம், மாட்டு வைத்தியம், எதுவானாலும் வாரத்துக்கு நாலு. மதிப்புரை அச்சானதும் அந்தப் பிரதியை எங்கள் நூலகத்துக்கு நன்கொடை கொடுப்பார். தன் பெயரை ரப்பர் ஸ்டாம்பு செய்துவைத்திருந்தார். சேலையூரில் அவர் வீட்டுக்கு சைக்கிளில் போய்க் கட்டிக்கொண்டு வருவது நான். உள்ளே கூப்பிட்டதில்லை. கேட்டுக்கு மேலாகவே கொடுப்பார்.

அந்தக் காலத்துச் சின்ன அச்சகங்களில் ஓரம் வெட்டும் மெஷின் இருக்காது. பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரத்தை மடித்து, தைத்து, அட்டை போட்டு அனுப்பிவிடுவார்கள். மேல் ஓரமும் பக்க ஓரமும் மடிப்போடு மூடியிருக்கும். பாரத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் நன்றாகத் தெரியும். நடுவில் பை மாதிரி ஒட்டிக் கிடக்கும். வாங்கியவர் கத்தியோ ஸ்கேலோ விட்டு வெட்டித்தான் படிக்கவேண்டும்.

நூலகத்தில் அந்த வேலையும் என்னுடையது. இரும்பு ஸ்கேல் ஒன்று வைத்திருந்தேன்.

பேராசிரியர் கொடுத்த புத்தகங்களை நான்தான் வெட்டினேன். அதாவது எனக்கு முன்னால் யாரும் வெட்டவில்லை. "இரண்டாம் பாதியில் கதை தொய்கிறது" என்று அவர் எழுதியிருப்பார். இரண்டாம் பாதி மூடிக் கிடக்கும். முன்னுரையும் பொருளடக்கமும் கடைசிப் பக்கமும் போதும் அவருக்கு. பெரிய கம்பெனிப் புத்தகங்கள் வெட்டியே வரும். அவற்றைப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. வெட்டாதவற்றைப் பற்றி மட்டும் சத்தியம் செய்வேன்.

ஒருமுறை சாரிடம் காட்டினேன். மூடிய மடிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெட்டு" என்றார்.

வெட்டினேன். ஏழு வருஷம் வெட்டினேன்.

காதர் பாய் வந்தது எழுபதுக்குக் கொஞ்சம் முன்னால். பல்லாவரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அப்போது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கிணற்றில் மோட்டார் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். மோட்டாரோடு வரும் தாளெல்லாம் இங்கிலீஷ். படிக்கத் தெரிந்தவன் கிணற்றில் இறங்கமாட்டான். இறங்குகிறவனுக்குப் படிக்கத் தெரியாது.

அவருடைய தம்பி ரஹீம் பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிணற்றில் மோட்டாரைத் தூக்கப் போனான். மேலே நின்றவன் மெயினை அணைத்தாயிற்று என்றான். அணைக்கவில்லை. காதர் பாய் போகும்போது ரஹீமைக் கயிற்றுக் கட்டிலில் போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு பாய் எழுத ஆரம்பித்தார். பள்ளிக்கூட நோட்டில், கடையில் வேலை இல்லாத நேரத்தில், இரண்டு வருஷம். அறுபத்துநாலு பக்கம். பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். படத்தையும் அவரே போட்டார். பொருளடக்கம் இல்லை. அது எதற்கு, முதலில் இருந்து படித்தால் எல்லாம் வருகிறது என்றார். இரண்டாவது பாரத்தின் நடுவில் பன்னிரண்டு பக்கம், உயிர் போகாமல் எப்படி வேலை செய்வது என்பது மட்டும். அவர் புத்தகம் போட்டதே அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்காகத்தான்.

ஒரு கட்டைப் பையில் பதினாலு பிரதி கொண்டுவந்தார். கிளைக்கு ஒன்று, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சார் வாங்கவில்லை. குழு பார்க்காத புத்தகம் அடுக்கில் ஏறாது. குழு பார்க்க மதிப்புரை வேண்டும். பேராசிரியர் கொடுப்பது எப்படி ஏறுகிறது என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அவர் குழு.

"சும்மா குட்தா கூட வாணாமா?" என்று பாய் என்னிடம் கேட்டார். "இன்னா ரூல் தம்பி இது. சரி வுடு. மதிப்புரை எங்க கெடைக்கும், அதச் சொல்லு."

சொன்னேன். மின்சார ரயிலில் பட்டணம் போய், பத்திரிகை ஆபீஸில் இரண்டு பிரதி கொடுத்துவிட்டு வந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார், அவர் கையால் வெட்டியது. அன்றே படித்தேன். எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும்.

பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வருவார். நான் பத்திரிகையை விரிப்பேன். இல்லை என்று தலையாட்டுவேன். போய்விடுவார். நாலு மாதம்.

ஐந்தாம் மாதம் வந்தது. விரலை வரிக்குக் கீழே வைத்து மெதுவாகப் படித்தார். நானும் தோளுக்கு மேலாகப் படித்தேன். நடை கொச்சை என்று ஆரம்பித்திருந்தது. முடிவு இப்படி: "மின்சார விபத்துகளைத் தடுப்பது பற்றி ஆசிரியர் ஒரு வரிகூட எழுதாதது மன்னிக்க முடியாத குறை. இந்நூலை நம்பி மோட்டாரில் கை வைப்பது ஆபத்து. நூலகங்கள் தவிர்ப்பது நலம்."

பாய் இரண்டாம் தடவையும் படித்தார்.

"நீ படிச்ச இல்ல தம்பி?"

"படிச்சேன் பாய்."

"அப்ப இவுரு இன்னாத்த படிச்சாரு?"

அவர் பத்திரிகையை மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்துவிட்டுப் போனார்.

மறுவாரம் சேலையூரில் நன்கொடைக் கட்டு வாங்கிவந்தேன். மோட்டார் புத்தகம் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் பத்திரிகை ஆபீஸின் 'மதிப்புரைக்காக' முத்திரை. அதன் கீழே பேராசிரியரின் ரப்பர் ஸ்டாம்பு, கையெழுத்து, அன்புடன். நாலு பாரமும் மூடியபடி.

சாரிடம் கொண்டுபோனேன். மதிப்புரை அட்டையைப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே பன்னிரண்டு பக்கம் இருக்கிறது என்றேன். அவர் மடிப்பை லேசாக விலக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அட்டையை எடுத்துக் கடைசி வாக்கியத்தைப் படித்தார். அன்றைக்குத்தான் அவர் ஒரு மதிப்புரையை மேலிருந்தும் படித்தது.

நான் ஸ்கேலை எடுத்தேன்.

"இன்னைக்கு வெட்டாதே" என்றார்.

கூட்டத்தன்று காலை ஒரே ஒரு உத்தரவு. "அந்தப் புஸ்தகம். ஸ்கேலும்."

மோட்டார் புத்தகம் நாற்பத்தெட்டாவதோ நாற்பத்தொன்பதாவதோ. சார் பெயரைச் சொன்னார். கடைசி வாக்கியத்தை வாசித்தார். சிவப்பு. தலைவர் கையை அசைத்தார். சார் அடுத்த அட்டையை எடுக்கவில்லை.

"பிரதி வந்திருக்கு சார்" என்றார். என்னைப் பார்த்தார்.

நான் புத்தகத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். அந்த மேஜைமேல் ஒரு புத்தகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "வெட்டட்டுமா சார்?" என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. வெட்டினேன். மடிப்புக் காகிதம் கிழிகிற சத்தம் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. தூள் மேஜையில் விழுந்தது. பேராசிரியர் தண்ணீர் தம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை.

இரண்டாவது பாரத்தை வெட்டி முடித்ததும் ரோஸ்லின் மிஸ் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடக் குரலில் வாசித்தார்.

"மோட்டாரைத் தொடறதுக்கு முன்னாடி மெயினை அணை. அணைச்சாச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாதே. ஏறிப் போய் நீயே பாரு. பியூஸைப் புடுங்கி உன் ஜேபியில போட்டுக்க. என் தம்பி நம்பினான்."

மரவாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மிஸ் பக்கத்தைப் புரட்டினார். எர்த் கம்பி, ஈரத் தரை, ரப்பர் செருப்பு என்று படங்களைக் காட்டினார். பிறகு மதிப்புரை அட்டையை இழுத்து, புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பேராசிரியர் சிரித்தார். "புத்தகத்தைக் காயப்படுத்துறது எனக்குப் பிடிக்காது. மடிப்பை விரலால விலக்கிப் படிக்கிறது என் வழக்கம்."

"பன்னெண்டு பக்கம் விரலுக்கு எட்டலையா சார்?" என்றார் மிஸ்.

இது வேறு பிரதியாக இருக்கும் என்றார் பேராசிரியர். சார் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு முத்திரை, ஒரு கையெழுத்து. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மதிப்புரை தவறு என்று ஆகிவிட்டது, புத்தகத்தை வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் முட்டாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி. ஆனா பத்திரிகையில அச்சாயிடுச்சே. நாளைக்கு ஆடிட்காரன் கேட்டா எதைக் காட்டறது? சிவப்பு அட்டையைக் காட்டி வாங்கினோம்னு சொல்ல முடியுமா?"

மேஜைமேல் புத்தகம் இருக்கிறது. எழுத்து இருக்கிறது. ஒருவன் செத்தது அதில் இருக்கிறது. அவருக்கு அட்டைதான் கவலை.

அப்போது சார் பேசினார். நான் கேட்டதில் அதுதான் அவருடைய நீளமான பேச்சு.

"தள்ளுபடின்னு எழுதறேன் சார். காரணம் எழுதணும். காரணம் மதிப்புரை. மதிப்புரைப் பிரதி கூட்டத்துலதான் வெட்டப்பட்டதுன்னும் எழுதணும். எழுதட்டுமா?"

பேனாவைத் திறந்து, நடவடிக்கைக் குறிப்பேட்டில் வைத்துக் காத்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அதெல்லாம் எழுதவேண்டாம்" என்றார் தலைவர் அவசரமாக.

"அப்ப தள்ளுபடியும் எழுத முடியாது சார்."

ஒத்திவைப்பு என்று எழுதினார்கள். போண்டா வந்தது.

ரோஸ்லின் மிஸ் போகும்போது சாரிடம், எந்தப் பத்திரிகை என்று விதியில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் சார். அடுத்த மாதம் மிஸ்ஸின் பங்குக் கோவில் மாத இதழில், பூசை நேரங்களுக்கும் ஞானஸ்நானப் பட்டியலுக்கும் நடுவில், அரைப் பக்க மதிப்புரை வந்தது. நான் நறுக்கி ஒட்டினேன். சார் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, நீலக் கீற்றுப் போட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அதைத் தட்ட முடியவில்லை. பேராசிரியர் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. ஆனால் அதே நாளில் அவருடைய மாணவர் எழுதிய கவிதைத் தொகுதி பதினாலு பிரதி தேர்வானது. மதிப்புரை யார் எழுதியது என்று சொல்லத் தேவையில்லை. மோட்டார் புத்தகத்துக்கு ஒரு பிரதி. சுற்றுப் பிரதியாம். கிளைக்கு ஒரு மாதம் இருக்கும், வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்கவேண்டும். மின்சாரத்தை எச்சரிக்கையாகக் கையாளவேண்டும் என்று தலைவர் விளக்கம் சொன்னார்.

பாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கடையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஒண்ணா?" என்றார். கொஞ்ச நேரம் சுற்றினார். "செத்ததும் ஒருத்தன்தானே. கணக்கு சரியாத்தான் கீது."

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி என்று போட்டிருந்தார்கள். கோவளம் கிளை. வீட்டிலிருந்து இரண்டு பஸ். சார் உத்தரவைக் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "போய் வா" என்றார். இரண்டு வார்த்தை. பேராசிரியர் அதற்குப் பிறகும் பல வருஷம் குழுவில் இருந்தார், மதிப்புரையும் எழுதினார். வெட்டாத புத்தகங்களை மட்டும் நன்கொடை கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். படிக்க ஆரம்பித்தார் என்று கேள்விப்படவில்லை.

கோவளம் கிளை ஒரே அறை. மீன் ஏலம் முடிந்து ஆட்கள் பேப்பர் பார்க்க வருவார்கள். பஸ் வரும்வரை உட்காருவார்கள். மோட்டார் புத்தகம் அங்கே வந்துசேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வருகிற வழியிலேயே அட்டை போய்விட்டிருந்தது. அந்தப் பன்னிரண்டு பக்கம் கறுத்து, எண்ணெய்க் கை பட்டுப் பளபளத்தது. மற்ற பக்கங்கள் அவ்வளவு அழுக்கில்லை.

தென்னந்தோப்புகளில் கிணறு பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்பினேன். வந்தார்கள். வீட்டுக்குத் தரமுடியாது என்றேன். ஒருவர் என்னிடம் காகிதம் கேட்டார். பழைய பதிவுத் தாள்களின் பின்பக்கத்தைக் கொடுத்தேன். பெஞ்சில் குனிந்து எழுத்துக்கூட்டி அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் பார்த்து எழுதினார். படங்களையும் போட்டார். முடிக்க மூன்று நாள் ஆனது. அவரைப் பார்த்து இன்னொருவர். எழுதத் தெரியாதவர் தெரிந்தவரைக் கூட்டிவந்தார். மாதம் முழுக்க அந்த பெஞ்ச் காலியாக இல்லை.

மாதம் முடிந்து அடுத்த கிளைக்குக் கட்டி அனுப்பவேண்டும். அனுப்பும் சீட்டில் ஒரு கட்டம் உண்டு, பயன்படுத்தியவர் எண்ணிக்கை. பிரித்துப் பார்த்தவர்கள், படம் பார்த்தவர்கள் யாரையும் நான் சேர்க்கவில்லை. முழுவதையும் எழுதி எடுத்துப்போனவர்களை மட்டும் எண்ணிப் போட்டேன்.

பதினேழு.